கோயில் நிதியில் திருமண மண்டபம்: தீர்ப்புக்குப் பிறகு பேச வேண்டியவை

கல்லணைவாசன்:

கோயில் நிதியைக் கொண்டு திருமண மண்டபங்கள் கட்ட அனுமதி அளித்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்புக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டது; மண்டபம் கட்டுவதற்காகப் பக்தர்கள் காணிக்கை செலுத்துவதில்லை என்ற கருத்து அங்கும் வெளிப்பட்டது. தொலைக்காட்சி விவாதங்கள் இதை ஒரு கட்சியின் தோல்வி, இன்னொரு கட்சியின் வெற்றி என்று பேசி முடித்துவிட்டன. ஆனால் எந்தக் கட்சி ஆண்டபோதும் மாறாமல் தொடர்ந்துவந்த ஒரு நிர்வாகப் பழக்கத்தைப் பற்றிய தீர்ப்பு இது. ஆகவே கட்சிக் கணக்கை ஒதுக்கிவைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். கோயில் சொத்து என்பது கொடுத்தவரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட சொத்து. கொடுத்தவர் இறந்து எண்ணூறு ஆண்டுகள் ஆனாலும் அந்தக் கட்டுப்பாடு காலாவதி ஆவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடுகள் என்று எண்ணிக் கொடுத்து, அவற்றின் நெய்யை யார், எந்த அளவில், எத்தனை காலத்துக்கு அளக்க வேண்டும் என்பது வரை அங்கே எழுதிவைத்திருக்கிறார்கள். சோழர் காலக் கொடைகள் பலவும் சந்திர சூரியர் உள்ளவரை நிற்க வேண்டியவை என்ற நிபந்தனையோடு செய்யப்பட்டவை. இந்தத் தருமத்தைக் காத்தவரின் திருவடி என் தலைமேல் என்று கொடையாளரே முடிக்கும் கல்வெட்டுகளும் ஏராளம். தமக்குப் பின் வரப்போகும் முகம் தெரியாத நிர்வாகியின் காலைத் தம் தலையில் தாங்கிக்கொள்வதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அந்த நிர்வாகியிடம் எவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்று அந்தப் பொறுப்பு அரசுத் துறை ஒன்றிடம் இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 36,000க்கும் மேற்பட்ட கோயில்கள் உள்ளன. நிலம் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர். இவ்வளவு பெரிய சொத்துக்கு இடைக்காலக் காவலராக இருக்க வேண்டியவர், எது நல்ல செலவு, எது தேவையற்ற செலவு என்று தம் விருப்பப்படி முடிவுசெய்யத் தொடங்கும்போது, காவலர் மெல்ல மெல்ல உரிமையாளராக மாறிவிடுகிறார். திருமண மண்டபம் தீய காரியம் என்று நான் சொல்லவில்லை. ஏழைக் குடும்பங்களுக்கு அது பயன்படக்கூடும். ஆனால் நல்ல காரியம் என்பதாலேயே பிறர் ஒப்படைத்த பணத்தை எடுத்துச் செலவிடும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. மண்டபம் தேவை என்றால் வரிப்பணத்தில், சட்டமன்றத்தில் ஒப்புதல் பெற்று, ஊராட்சியின் பெயரில் கட்டலாம். அதை யாரும் எதிர்க்கப்போவதில்லை.

இதில் உங்கள் கருத்துகளை, குறிப்பாக மாற்றுக் கருத்துகளை, அறிய விரும்புகிறேன்.

மேலூர் வழக்குரைஞர்:

இழையைத் தொடங்கியவருக்கு நன்றி. விவாதம் உணர்ச்சியின் பக்கம் சாய்வதற்கு முன் சட்டத்தின் நிலையைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது என்று கருதுகிறேன்.

1959ஆம் ஆண்டின் இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டத்தில், உபரி நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்பதை 36ஆம் பிரிவும் 66ஆம் பிரிவும் வரையறுக்கின்றன. வருமானம் இல்லாத பிற கோயில்களுக்கு உதவுதல், சமயக் கல்வி, அர்ச்சகர்களுக்கும் ஓதுவார்களுக்கும் பயிற்சி ஆகியவை அவ்வரையறைக்குள் வருகின்றன. பின்னர் சேர்க்கப்பட்ட 36-ஏ பிரிவு ஏழை இந்துக்களின் திருமணங்களுக்கும், 36-பி பிரிவு ஏழைகளுக்கு அன்னம் அளிப்பதற்கும் உபரியைப் பயன்படுத்த இடம் தருகின்றன. அரசு ஊன்றி நின்றது இந்த 36-ஏ பிரிவின் மீதுதான். ஏழைகளின் திருமணத்துக்கு உதவுவது வேறு, வாடகைக்கு விடுவதற்காக மண்டபம் கட்டுவது வேறு என்று உயர் நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. ஆகவே கோயில் பணத்தில் அன்னதானம் கூடாது, திருமண உதவி கூடாது என்றெல்லாம் இத்தீர்ப்புக்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அன்றைய சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பி சிரூர் மடம் தொடர்பான வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக இருக்கிறது. சமயப் பிரிவினரின் சொத்து நிர்வாகத்தைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் நிர்வாக உரிமையையே முழுவதுமாக எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். இதே கோட்டைத்தான் சிதம்பரம் சபாநாயகர் கோயில் வழக்கில் 2014 ஜனவரி 6 அன்று வந்த தீர்ப்பும் நீட்டித்தது. சீர்கேட்டைச் சரிசெய்வதற்காக நிர்வாகத்தை அரசு ஏற்றாலும், சீர்கேடு நீங்கியவுடன் உரியவர்களிடம் அதைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும் என்றும், கோயிலை நடத்த அரசுத் துறை அமர்த்தும் செயல் அலுவலரைக் காலவரையறை இன்றி நியமிக்க முடியாது என்றும் அது கூறியது. அதன் பிறகு 2015இல் செயல் அலுவலர் நியமனத்துக்கான நிபந்தனைகள் விதிகளாகவே வந்தன. விதிகள் வந்த பின்னும் எத்தனை கோயில்களில் அவை உண்மையில் பின்பற்றப்படுகின்றன என்பதே நான் அன்றாடம் நீதிமன்றத்தில் காணும் வழக்குகளின் பொருள்.

தென்பெண்ணையாள்:

கல்லணைவாசன் ஐயாவின் எழுத்தில் உள்ள அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் தொடங்கிய இடத்திலிருந்து என்னால் தொடங்க முடியவில்லை. கொடுத்தவரின் விருப்பம் என்கிறீர்கள். அந்தக் கொடையாளரின் விருப்பத்தில் என் பாட்டனார் கோயில் வாசலுக்கு உள்ளே வரலாம் என்பது எழுதப்பட்டிருந்ததா?

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அன்று கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது, அப்போது அக்கோயிலின் செயல் அலுவலராக இருந்த ஆர்.எஸ். நாயுடுவை நாம் மறந்துவிடுகிறோம். அவர் துணை நிற்காமல் இருந்திருந்தால் அந்த நுழைவு அவ்வளவு அமைதியாக நடந்திருக்குமா என்பது ஐயமே. பனகல் அரசரின் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்து, 1927இல் நிலைபெற்ற அறநிலையச் சட்டம் இல்லையென்றால் அப்படி ஓர் அலுவலர் அங்கே அமர்ந்திருக்கவும் மாட்டார். பரம்பரை நிர்வாகிகளின் கையில் கோயில்கள் இருந்த காலத்தில் நிலங்கள் எப்படிக் கைமாறின, நகைகள் எப்படிக் காணாமற்போயின என்ற முறையீடுகள்தாம் அந்தச் சட்டத்தையே கேட்டு வாங்கின.

இது பழைய கதை என்றும் சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் இனத்தவர் நுழைந்தது 2023 ஜனவரியில். அதுவும் மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உடன் நின்றதால். அதே ஆண்டு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் இனத்தவர் நுழைவு தொடர்பான தகராறில், சீல் வைக்கப்படும் நிலை வந்தது. அரசு விலகிக்கொள்ளட்டும் என்று எழுதுவோர், அரசு விலகிய மறுநாள் மேல்பாதியில் சாவி யாரிடம் இருக்கும் என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

மேலும், அண்மைய ஆண்டுகளில் 3,000க்கும் மேற்பட்ட கோயில்களில் குடமுழுக்கு நடந்திருப்பதாக அரசு கணக்குக் காட்டுகிறது. செயற்கைக்கோள் உதவியோடு அளக்கும் ரோவர் கருவிகளைக் கொண்டு கோயில் நிலங்களை அளந்து எல்லைக் கல் நடும் பணியும் நடக்கிறது. இவற்றை ஒரு வரியிலாவது ஒப்புக்கொண்டுவிட்டு மண்டபத்தைக் குறை கூறியிருந்தால் உங்கள் பதிவு இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

கல்லணைவாசன்:

அம்மா, நீங்கள் எழுப்பிய கேள்வி இந்த இழையில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காமல் விடை சொல்ல முயல்கிறேன்.

ஆலய நுழைவைப் பொறுத்தவரை எனக்கு எவ்விதத் தயக்கமும் இல்லை. யார் வணங்கலாம் என்பதில் அரசு தலையிட அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் கூறு வெளிப்படையாகவே அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் என்றென்றும் இருக்க வேண்டும், மேல்பாதியில் இன்னும் உறுதியாகப் பயன்படுத்தப்படவும் வேண்டும். வைத்தியநாத ஐயரும் கக்கனும் செய்தது மரபுக்கு எதிரானது என்று நான் கருதவில்லை. நந்தனாரைத் திருமுறையில் வைத்துப் போற்றிய மரபு, தன் வாசலில் அவருடைய வழித்தோன்றல்களை நிறுத்திவைத்ததுதான் முரண். அந்த முரணைக் களைந்தவர்கள் அவர்கள். ஆனால் வாசலைத் திறந்துவைக்கும் அதிகாரமும் உண்டியலைத் திறந்து செலவுசெய்யும் அதிகாரமும் ஒன்றல்ல. முதலாவதற்கு மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் நீதிமன்றமும் போதும். ஒரு கோயிலின் வரவு செலவைச் சென்னையிலிருந்து முடிவுசெய்தால்தான் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. அறங்காவலர் குழுவில் பட்டியல் இனத்தவர் ஒருவரும் பெண் ஒருவரும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் குழுக்களை உரிய காலத்தில் அமைக்காமல், குழுவுக்குப் பதிலாகத் துறை தற்காலிகமாக அமர்த்தும் தக்கார் ஒருவரை நியமித்து ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடும் கோயில்களில், சட்டம் அந்த இருவருக்கும் கொடுத்த இடமும் சேர்ந்தே பறிபோகிறது. இதை நீங்களும் எதிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குடமுழுக்குகளும் நில அளவையும் பாராட்டுக்குரியவை. நில அளவைப் பணியை எந்த அரசு வந்தாலும் நிறுத்தக் கூடாது. கல் நட்ட பிறகு ஆக்கிரமிப்பை அகற்றும் வேலை மெதுவாக நடக்கிறது என்பது மட்டுமே என் குறை.

இனி உபரி என்பதைப் பற்றி. ஒரு குடும்பத்தில் மூத்தவன் நன்றாகச் சம்பாதிக்கிறான், மற்ற தம்பிகள் பட்டினி கிடக்கிறார்கள் என்றால், மூத்தவனிடம் உபரி இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். துறையின் கீழுள்ள கோயில்களில் மிகப் பெரும்பான்மையானவை ஆண்டுக்கு 10,000 ரூபாய் வருமானத்தைக்கூட எட்டாதவை. அவற்றுக்காக நடத்தப்படும் ஒருகாலப் பூசைத் திட்டத்தில் ஒரு கோயிலுக்கான வைப்புத்தொகை 1 லட்சமாக இருந்து, 2021-22இல் 2 லட்சமாகவும் பின்னர் 2.5 லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. 2021-22இல் அத்திட்டத்தில் இருந்த கோயில்கள் 12,959. உயர்த்தியது நல்லது. ஆனால் 2.5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் 15,000 ரூபாய். நாளொன்றுக்கு 41 ரூபாய். அதில்தான் எண்ணெய், திரி, அரிசி, பூ, கற்பூரம். ஒரு கோயிலின் இறைவனுக்கு நாளொன்றுக்கு 41 ரூபாயில் நைவேத்தியம் நடக்கும் காலத்தில் இன்னொரு கோயிலில் பல கோடிக்கு மண்டபம் கட்டத் திட்டமிடுகிறோம் என்றால், சட்டம் சொன்ன முன்னுரிமை எங்கோ தலைகீழாகிவிட்டது.

மருதநிலத்தான்:

நான் மயிலாடுதுறைப் பகுதியைச் சேர்ந்தவன். கோயில் நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குத்தகை உழவு செய்யும் குடும்பம் எங்களுடையது. நகரத்தில் இருப்பவர்கள் "கோயில் நிலத்தை மீட்போம்" என்று எழுதும்போதெல்லாம், மீட்கப்பட வேண்டிய ஆக்கிரமிப்பாளன் நான்தானோ என்ற அச்சம் எங்களைப் போன்றோருக்கு வருகிறது. வீடு நிற்கும் கோயில் மனைக்கு ஏற்றி நிர்ணயிக்கப்பட்ட அடிமனை வாடகையைக் கட்ட முடியாமல் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. வெள்ளம் வந்து சம்பா அழுகிய ஆண்டிலும் குத்தகை நெல்லின் அளவு குறைவதில்லை. வருமானம் பெருக வேண்டும் என்று பேசுகிறவர்கள், அந்த வருமானம் யாருடைய களத்திலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழமையைப் பேணுவது உங்கள் கொள்கை என்றால், நூறு ஆண்டுகளாக அந்த நிலத்தை உழுதவனும் அந்தப் பழமையில் சேர்ந்தவன்தானே?

கல்லணைவாசன்:

நிச்சயமாகச் சேர்ந்தவர்தான், ஐயா. கோயிலும் குடியும் சேர்ந்தே வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. முறையாகக் குத்தகை செலுத்தும் உழவரையும், தலைமுறையாகக் குடியிருப்பவரையும் கோயிலின் அங்கமாகவே கருத வேண்டும். விளைச்சல் பொய்த்த ஆண்டில் குத்தகையைக் குறைப்பது பழைய நிர்வாகங்களுக்குத் தெரிந்திருந்த நடைமுறைதான். நான் கேட்பது வேறு வகையினரைப் பற்றி. நகரின் நடுவில் கோயில் இடத்தைப் பெயருக்கு ஒரு வாடகையில் எடுத்து, அதைச் சந்தை வாடகைக்கு உள்வாடகை விட்டு வாழ்பவர்கள், மனைகளாகப் பிரித்து விற்றவர்கள், பத்திரமே மாற்றியவர்கள். இவர்களையும் உங்களையும் ஒரே பட்டியலில் எழுதும் நிர்வாகத்துக்குத் தன் சொத்து எது, தன் குடி யார் என்பதே தெரியாது. உள்ளூர் அறங்காவலருக்கு அது தெரிந்திருக்கும். நான் உள்ளூர்ப் பொறுப்பை வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிற்றம்பலக் குருக்கள் வீட்டுப்பிள்ளை:

என் தந்தை அரியலூர் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் சிவன் கோயில் பூசகர். நான் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். எங்கள் கோயிலுக்கு ஒருகாலப் பூசைத் திட்டத்தின் உதவி வருகிறது. அந்தத் திட்டத்தில் உள்ள அர்ச்சகர்களுக்கு மாதந்தோறும் ஒரு சிறு ஊக்கத்தொகையும் தரப்படுகிறது. இல்லாததற்கு இது மேல் என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்தத் தொகையில் ஒரு குடும்பம் வாழ முடியாது என்பதால் நான் பூசையைக் கற்றும் அதைத் தொழிலாக ஏற்கவில்லை. என் தந்தைக்குப் பிறகு அந்தக் கோயிலை யார் திறப்பார் என்பது எங்கள் ஊரில் எவருக்கும் தெரியாது.

இதன் விளைவு என்ன என்பதை எங்கள் மாவட்டமே கண்டிருக்கிறது. ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் நடராசரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 2006ஆம் ஆண்டளவில் களவுபோன அத்திருமேனி, களவுபோனது என்பதே 2008இல்தான் வெளியே தெரிந்தது. பூட்டிய கோயிலில், நாள்தோறும் விளக்கேற்ற ஒருவர் இல்லாத இடத்தில், காணாமற்போனதை யார் கவனிப்பார்? ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துவைத்திருந்த நிழற்படங்கள் அது நம்முடையது என்று நிறுவ உதவின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே இந்தியாவுக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். கடத்தலின் பின்னால் இருந்த கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூருக்கு, எங்கள் மாவட்டத்தின் வேறொரு கோயிலின் சிலைத் திருட்டு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

அந்தக் கோயிலில் ஒரு பூசகரும் ஓர் இரவுக் காவலரும் நிலையாக இருந்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவையும், அந்த வழக்கும் மீட்பும் எடுத்துக்கொண்ட உழைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரு மண்டபத்துக்கான தொகையை வைப்பாக வைத்தால் அதன் வட்டியில் ஒரு வட்டத்தின் சிறு கோயில்கள் அனைத்துக்கும் பூசகரின் மாதச் சம்பளத்தைக் கௌரவமாகக் கொடுத்துவிடலாம். நான் கட்சி சார்ந்தவன் அல்லன். இந்த ஒரு காரியத்தை எந்த அரசு செய்தாலும் அதற்கு என் குடும்பம் கடமைப்பட்டிருக்கும்.

தணிக்கைப்பேனா:

அரசு தவறு செய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற்று என்ன என்பதில்தான் ஐயம். துறையைக் கலைத்துவிட்டுத் தன்னாட்சி வாரியம் அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கோயில்கள் தேவஸ்வம் வாரியங்களிடம் இருக்கின்றன. சபரிமலையில் துவாரபாலகர் சிலைகளின் தங்கத் தகடுகள் தொடர்பாக 2025இல் உயர் நீதிமன்றமே சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. வாரியத்தின் பொறுப்பில் இருந்தவர்களே கைதானார்கள். பஞ்சாபை எடுத்துக்கொண்டால், குருத்வாராக்களை நிர்வகிக்க 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்படும் குழு இருக்கிறது. அதன் பொதுத்தேர்தல் கடைசியாக 2011இல் நடந்தது. தேர்தல் நடக்கும்போது கட்சி நுழைகிறது, நடக்காதபோது பழையவர்களே நீடிக்கிறார்கள். எனவே யார் கையில் சாவி இருக்க வேண்டும் என்பதைவிட, சாவி வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்பது யார் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

இன்று ஒரு கோயில் தன் வருமானத்தில் 12 சதவீதம் வரை நிர்வாகப் பங்களிப்பாகவும் 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணமாகவும் செலுத்துகிறது. தணிக்கைக்குப் பணம் கொடுத்தவர் கோயில். பக்தர் கொடுத்த காணிக்கையிலிருந்து அது போகிறது. அப்படியிருக்க, அந்தத் தணிக்கை அறிக்கையும் அதில் எழுப்பப்பட்ட ஆட்சேபங்களும் அதே கோயிலின் அறிவிப்புப் பலகையில் ஏன் ஒட்டப்படுவதில்லை?

கல்லணைவாசன்:

தணிக்கைப்பேனா அவர்களின் கேள்வியோடு முழுவதும் உடன்படுகிறேன். ஒரே நாளில் துறையைக் கலைத்துவிட வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். நூறு ஆண்டுகளாக வேரூன்றிய ஓர் அமைப்பைத் திடீரென்று பிடுங்கினால், அதன் இடத்தை நல்லவர்கள் நிரப்புவார்கள் என்பதற்கு உறுதி இல்லை. ஊரில் பணபலமும் ஆள்பலமும் உள்ளவர்தான் முதலில் வந்து அமர்வார். பழமையைப் பேண விரும்புபவனுக்கு இடிப்பதில் அவசரம் இருக்கக் கூடாது. இடிக்க வேண்டியதை இடிக்கும்போதும் தாங்கியிருப்பது எது என்று பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அவற்றில் வியப்பளிப்பது வேறொரு விதி: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. அந்தச் சபை பிராமணர்களின் சபை, நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அதில் இடம் இருந்தது என்பதைத் தென்பெண்ணையாள் அம்மா சுட்டிக்காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்த வரம்பு இன்றைக்கு ஏற்கத்தக்கதன்று. ஆனால் கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்ற விதிக்கு வயது ஆயிரத்து நூறு ஆண்டுகள் என்பதும், இன்றைய செயல் அலுவலருக்கு அத்தகைய விதி எதுவும் நடைமுறையில் இல்லை என்பதும் நாம் சிந்திக்க வேண்டியவை.

நான் வேண்டுவது இவ்வளவுதான். செயல் அலுவலர் இருக்கும் ஒவ்வொரு கோயிலிலும், எந்தச் சீர்கேட்டைச் சரிசெய்ய, எவ்வளவு காலத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார் என்ற ஆணையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கட்டும். ஆணை இல்லாத இடங்களில் நிர்வாகம் அறங்காவலர் குழுவிடம் திரும்பட்டும். வருமானம் மிகுந்த கோயில்களின் உபரியிலிருந்து சிறு கோயில்களுக்குச் செல்லும் தொகைக்கு ஒரு குறைந்த அளவு சட்டத்திலேயே நிர்ணயிக்கப்படட்டும். நாள் பூசை இல்லாத கோயில் ஒன்றுகூட மிச்சமிருக்கும் வரை, 66ஆம் பிரிவின் மற்ற நோக்கங்களுக்குப் பெருந்தொகை ஒதுக்கக் கூடாது என்பது என் கருத்து. இதில் கல்லூரிகளும் அடங்கும்.

கல்லூரிகளைச் சேர்ப்பது சிலருக்கு வருத்தம் அளிக்கும் என்று தெரியும். 2021இல் கோயில் நிதியில் பத்துக் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டு, கொளத்தூர், விளாத்திகுளம், ஒட்டன்சத்திரம், திருச்செங்கோடு ஆகிய நான்கு இடங்களில் தொடங்கப்பட்டன. மற்றவற்றை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது என்றும், தொடங்கியவற்றில் இந்து சமய வகுப்பு நடத்தப்பட வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் அப்போதே நிபந்தனை விதித்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டித் தருவது அரசின் கடமை. வரி வாங்குவது அதற்காகத்தான். அந்தக் கடமையின் செலவைக் கோயிலின் கணக்கில் எழுதும்போது அரசு தன் பொறுப்பிலிருந்தும் விலகுகிறது, கொடையாளரின் விருப்பத்தையும் மீறுகிறது.

தென்பெண்ணையாள்:

பழனியில் 1960களிலேயே தேவஸ்தானக் கல்லூரி தொடங்கப்பட்டு, அதில் படித்து முன்னேறிய ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முருகனுக்குக் காணிக்கை செலுத்தியவர் அதைக் கண்டு வருந்துவார் என்று நான் நம்பவில்லை. இந்த இடத்தில் நாம் இருவரும் வேறுபட்டே நிற்போம். ஆனால் அறங்காவலர் குழுக்களை உடனே அமைக்க வேண்டும், அவற்றில் பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் உரிய இடம் விட்டுப்போகக் கூடாது, தணிக்கை அறிக்கையை வாசலில் ஒட்ட வேண்டும் என்ற மூன்றிலும் நானும் கையெழுத்திடுவேன்.

சிற்றம்பலக் குருக்கள் வீட்டுப்பிள்ளை:

வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. எங்கள் கோயிலுக்குப் பல ஆண்டுகளாகத் தக்கார்தான் இருக்கிறார். அவர் வேறு பல கோயில்களையும் கவனிக்கிறார். ஊர்மக்கள் சேர்ந்து செய்யக்கூடியது என்ன?

மேலூர் வழக்குரைஞர்:

முதலில், உங்கள் சரகத்தின் உதவி ஆணையரிடம், அறங்காவலர் குழுவை நியமிக்கக் கோரி எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். ஊரில் தகுதியுள்ளவர்கள் தனித்தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். பட்டியல் இனத்தவர் ஒருவரும் பெண் ஒருவரும் அதில் இருப்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். அக்கோயிலின் நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பவரும், கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி தகுதியற்றவர்கள் என்பதால் அவர்களைத் தவிர்த்துவிடுங்கள். விண்ணப்பங்கள் தள்ளுபடியாவதற்கு அதுவே பல நேரங்களில் காரணமாகிறது.

அடுத்து, 29ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும். நிலங்கள், நகைகள், திருமேனிகள், குறிப்பிட்ட பூசைகளுக்காக எழுதிவைத்த கட்டளைகள் யாவும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த பிரிவின்படி அதை ஆண்டுதோறும் சரிபார்க்கவும் வேண்டும். அதன் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். நகல் வந்ததும் ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய், பதிவேட்டில் உள்ள திருமேனிகளையும் கருவறையிலும் மண்டபத்திலும் உள்ளவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் தந்தையார் உடன் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. நிலங்களுக்கு, பதிவேட்டிலுள்ள புல எண்களை அரசின் நில ஆவணத் தளமான தமிழ்நிலத்தில் உள்ள பட்டாவோடு பொருத்திப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் அதையே இரண்டாவது மனுவாக இணை ஆணையருக்கு அனுப்புங்கள். இரண்டு மனுக்களையும் விரைவு அஞ்சலில் ஒப்புகையோடு அனுப்பிவிட்டு, விடை வராத நிலையில் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உயர் நீதிமன்றத்துக்கான பேராணை (ரிட்) மனுவைக் கட்டணம் இல்லாமல் தயாரித்துத் தருகிறேன்.